அச்சேறாத வரி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் சின்னவளை நாம் விட்டுவந்தது அவள் வீட்டு அடுப்படியில், போனும் கையுமாக. "நாளைக்கு சபையில உனக்கு எத்தனை மணிக்கு முறை?" என்று அக்கா கேட்டாள். "ஏன் கேக்குற?" என்று இவள் திருப்பிக் கேட்டாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டுவிட்டது.

பதினேழு வருடமாகத் தங்கை பார்க்கும் வேலையைப் பற்றி ஒரு நாளும் நேரம் விசாரிக்காத அக்கா, திடீரென்று ஏன் விசாரித்தாள்? மறுநாள் காலை பதினொன்று இருபதுக்குப் பதில் கிடைத்தது.

சின்னவள் சட்டசபையில் சுருக்கெழுத்தாளர். உறுப்பினர்கள் பேசுவதை வார்த்தை விடாமல் எழுதி எடுக்கிற வேலை. சபாநாயகர் மேடைக்குக் கீழே நட்டநடுவில் ஒரு நீள மேஜை. அதில் இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து பத்து நிமிடம் எழுத வேண்டும். அடுத்த முறைக்காரர் வந்ததும் எழுந்துபோய், எழுதியதைத் தட்டச்சு செய்ய வேண்டும். மேஜையில் இருக்கும் வரை சிரிப்பு வந்தாலும் கொட்டாவி வந்தாலும் முழுங்கிவிட வேண்டும். அங்கே உட்காருகிறவருக்குக் காதும் கையும் உண்டு, வாய் கிடையாது.

அன்று விவாதத்துக்கு வந்திருந்தது குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத் திருத்தம். குழந்தைகளின் வைத்தியச் செலவை அரசாங்கமே ஏற்கும் திட்டம் பல வருடமாக இருந்துவந்தது. மூன்று வருடத்துக்கு முன், செலவு கட்டுக்கடங்கவில்லை என்று சொல்லி ஒன்பது சிகிச்சைகளைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். அதில் ஒன்று, காது கேட்காத குழந்தைக்குக் காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை. அந்த ஒன்பதையும் திரும்பச் சேர்க்கலாமா கூடாதா என்பதுதான் இப்போது கேள்வி.

காலையிலிருந்தே அனல் பறந்தது.

"வசதி இருக்கறவனும் தனியார் காப்பீட்டை விட்டுட்டு இங்கதான் வந்து நிப்பான். அவன் பிள்ளைக்கும் சேர்த்து நான் வரி கட்டணுமா?" என்றார் மரக்கடை வைத்திருக்கும் உறுப்பினர்.

எதிர்ப்பக்கம் குழந்தை மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்த ஒரு பெண்மணி. எல்லாருக்கும் அவர் டாக்டரம்மா. உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். "காய்ச்சல் அப்பனோட சம்பளச் சீட்டைப் பாத்துட்டா வருது?"

சின்னவளின் பென்சில் இரண்டையும் ஒரே வேகத்தில் எழுதியது. அவளுக்கு மரக்கடைக்காரர் மேல் கோபமும் இல்லை, டாக்டரம்மா மேல் பாசமும் இல்லை. அவளுடைய கோபம் முழுவதும் ஒரே ஆளுக்காக மூன்று வருடமாகப் பொத்திவைத்தது.

அந்த ஆள் எழுந்தார்.

அக்காவின் கணவர், அவளுக்கு அத்தான். சபையில் அவருக்குப் பின்னால் ஆறு உறுப்பினர்கள். அவர் கை தூக்கினால் தூக்குவார்கள், எழுந்துபோனால் கூடவே போவார்கள். இந்தச் சட்டம் நிறைவேறினால் அடுத்த சுகாதார மந்திரி அவர்தான் என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்திருந்தன.

"நான் புள்ளிவிவரம் பேச வரவில்லை. ஒரு குழந்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தார். குரல் குழைந்தது. "என் வீட்டுக் குழந்தை. ஆறு வயதுகூட நிறையாதபோது மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் இன்று அது பாட்டுக் கேட்டிருக்கும். அதோ, மேலே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்."

கையை நீட்டினார். சபையே திரும்பிப் பார்வையாளர் மாடத்தைப் பார்த்தது.

மேஜையில் இருப்பவர் தலை தூக்கக் கூடாது என்பது எழுதாத விதி. சின்னவள் தூக்கினாள்.

மாடத்தின் முன்வரிசையில் அக்கா பெரியவள். அவள் பக்கத்தில், காலை எட்டு மணிக்குச் சின்னவள் தன் கையால் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு வந்த மகள். வீட்டில் கூப்பிடும் பெயர் வாண்டு. சீருடையும் ரெட்டைச் சடையுமாக, கைப்பிடியில் தாடையை வைத்துக்கொண்டு, எல்லாரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று புரியாமல் விழித்தாள். பிறகு, பழகிய பெண்ணாக, கையை ஆட்டினாள்.

சபையில் "அடடா" என்று ஒரு சத்தம் எழுந்தது. சின்னவள் அதையும் எழுதினாள்: உறுப்பினர்கள் இரக்கக் குரல்.

டாக்டரம்மா எழுந்தார். "குழந்தையைப் பாத்து எல்லாருக்கும் மனசு இளகுது. நல்லது. மூணு வருஷம் முன்னாடி இந்தச் சிகிச்சையைப் பட்டியல்லேருந்து தூக்கினப்ப இதே உறுப்பினர் இதே இடத்துல நின்னு என்ன பேசினார்னு அவருக்கு ஞாபகம் இருக்கா? நான் என் காதால கேட்டேன்."

அத்தான் சிரித்தார். "டாக்டரம்மாவுக்குக் காதுல ஏதோ கோளாறு. அச்சடிச்ச அவைக்குறிப்பு நூலகத்துல இருக்கு. தப்பா ஒரு வார்த்தை நான் பேசினதா அதுல இருந்தா, இந்தப் பதவியை இப்பவே ராஜினாமா பண்றேன். தேடிப் பாருங்க."

சொல்லிவிட்டு, அரை நொடி, குனிந்து மேஜையைப் பார்த்தார். குடும்பத்துக்குள் பார்த்துக்கொள்கிற பார்வை அது. நம்ம ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்கிற தெம்பு.

சின்னவளின் முறை முடிந்தது. நோட்டை மூடிக்கொண்டு வெளியே வந்து மாடத்துப் படிக்கட்டில் ஏறினாள்.

அத்தானின் தெம்புக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவர் பேசியதை எழுதி எடுத்தவள் சின்னவள்தான். சாயங்காலம் ஆகிவிட்டதால் பத்திரிகையாளர்களும் உறுப்பினர்களில் பலரும் கிளம்பிப் போயிருந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவி அந்த மாதம் முழுவதும் ரிப்பேர். மறுநாள் காலை, உறுப்பினர் பார்த்துத் தருவதற்காக அனுப்பிய பிரதியைத் தூக்கிக்கொண்டு அக்காவே வந்து நின்றாள். "உங்க அத்தானுக்கு வாய் தவறிடுச்சுடி. பேப்பர்ல வந்தா மானம் போயிடும். நீ பாத்து ஏதாச்சும் பண்ணேன்."

எழுத்துப்பிழையைத் திருத்தலாம், பேசியதை மாற்றக் கூடாது. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டது அக்கா. காதும் காதும் வைத்தாற்போல் அந்த வரியைப் பூசி மெழுகிவிட்டாள். அன்று சாயங்காலமே சிகிச்சைகளை நீக்கும் தீர்மானம் நிறைவேறியது.

எட்டு மாதம் கழித்து வாண்டுவுக்குக் காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் விட்ட பிறகு டாக்டர் சொன்னார், சீக்கிரம் கருவி வைத்துவிட வேண்டும், தாமதித்தால் உள்காது எலும்பாக இறுகிவிடும் என்று. அரசுப் பட்டியலில் அந்தச் சிகிச்சை இல்லை. சொந்தச் செலவில் செய்ய, கப்பலில் வேலை பார்க்கும் வாண்டுவின் அப்பாவால் உடனே முடியவில்லை. சிறப்பு அனுமதிக் கடிதம் ஒன்று வாங்கித் தருவதாக அத்தான் சொன்னார். வந்துடும், வந்துடும் என்றே ஏழு மாதம் ஓடியது. அதற்குள் எலும்பு இறுகிவிட்டது. கருவி உள்ளே போகாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

இந்தக் கதையைத்தான் அந்த ஆள் இன்று தன் மகுடத்தில் செருகிக்கொள்ளப் பார்த்தார்.

*

மாடத்துக்குப் போகும் தாழ்வாரத்தில் அக்காவும் வாண்டுவும் எதிரே வந்தார்கள்.

வாண்டு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். காது போகும்முன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை. இப்போதும் பேசுவாள், சத்தம்தான் சில நேரம் கூடிப்போகும். அடுத்தவர் பேசுவதை உதட்டைப் பார்த்தே படித்துவிடுவாள்.

"அம்மா, பெரியப்பா என்னைக் காட்டி என்னமோ சொன்னாரு. எல்லாரும் பாவம் மாதிரி பாத்தாங்க. அவரு மீசை மறைச்சிடுச்சு, ஒண்ணும் புரியல."

"அப்புறம் சொல்றேன்டா. அந்த ஜன்னல்கிட்ட போய்ப் புறாவைப் பாரு."

வாண்டு போனதும் சின்னவள் அக்கா பக்கம் திரும்பினாள்.

"யாரைக் கேட்டு ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்தே?"

"நான் கூட்டிட்டு வரக்கூடாதா? தினம் மூணு மணிக்கு நான்தானே கூப்பிட்டுட்டு வரேன். சாப்பாடு போட்டு, பாடம் சொல்லிக்குடுத்து..."

"கூட்டிட்டு வந்தது கண்காட்சிக்கு."

"அப்படிப் பேசாதடி. இந்தச் சட்டம் வந்தா எத்தனை குழந்தைக்கு நல்லது. அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்."

"அன்னைக்கு அவர் சொன்னதைப் பத்தி என்ன சொல்ற?"

பெரியவள் தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "அது முடிஞ்சுபோன விஷயம். அதுல நீயும்தான் கை வச்சே."

ஊசி சரியான இடத்தில் இறங்கியது. அந்த வரி அப்படியே வெளியே வந்திருந்தால் ஊரே காறித் துப்பியிருக்கும், தீர்மானம் தோற்றிருக்கும், வாண்டுவுக்குக் காது இருந்திருக்கும் என்று எத்தனையோ நாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள் சின்னவள். அப்படி நடந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் அவளை அரித்தது.

"ஆமா, கை வச்சேன்" என்றாள். "அதையும் சேத்துத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்."

"யார்கிட்ட?"

"சபையில."

பெரியவள் அவள் கையைப் பிடித்தாள். "உன் வேலை போயிடும்டி."

"போகட்டும்."

"என் குடும்பம்டி அது."

"அதோ நிக்குதே, அது யாரோட குடும்பம்?" என்று ஜன்னலைக் காட்டிவிட்டுச் சின்னவள் நடந்துவிட்டாள்.

*

பழைய சுருக்கெழுத்து நோட்டுகளை ஐந்து வருடம் கட்டுக்கட்டாக நிலவறையில் வைத்திருப்பார்கள். பிறகு காகித ஆலைக்குப் போய்விடும். இரும்பு அலமாரியில் வருடம், மாதம், கூட்டத்தொடர் என்று தேடி, தன் எண் போட்ட நோட்டை உருவினாள். தூசியில் நாலு தும்மல் வந்தது. பக்கத்தைப் புரட்டினாள். இருந்தது. அவள் கோடு, அவள் புள்ளி.

பிரிவின் தலைவரைக் காற்புள்ளி சார் என்பார்கள். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் மந்திரிசபையே கவிழும் என்று புதிதாகச் சேருகிறவர்களைப் பயமுறுத்துவார். அன்றும் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு யாருடைய பிரதியையோ குதறிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு பிழைதிருத்தக் குறிப்பு குடுக்கணும்."

"காலையில எழுதினதுலயா?"

"மூணு வருஷம் முன்னாடி எழுதினதுல."

நிமிர்ந்து பார்த்தார். நோட்டை வாங்கிக் கோடுகளை விரலால் தொட்டுப் படித்தார். பிறகு அலமாரியிலிருந்து அச்சடித்த புத்தகத்தை எடுத்து அதே பக்கத்தை விரித்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அச்சுல வேற மாதிரி இருக்கே."

"நான்தான் மாத்தினேன்."

"யார் சொல்லி?"

"அது வேண்டாம் சார். கை என்னோடது."

காற்புள்ளி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் கெட்ட செய்தி வரப்போகிறது என்று அர்த்தம்.

"இதைக் குடுத்தா முதல்ல போறது உன் தலை. அது உனக்கே தெரியும். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. இந்தக் குறிப்புல நீ கையெழுத்துப் போட்ட நிமிஷம் நான் எடுத்துட்டுப் போய் சபாநாயகர் கையில குடுத்தாகணும். விதி. நாலு மணிக்கு ஓட்டெடுப்பு. அதுக்கு முன்னாடி இது வாசிக்கப்பட்டா, அவர் ஆறு பேரையும் இழுத்துக்கிட்டு வெளிய போயிடுவார். மசோதா தோத்துடும்."

"தோக்கட்டும்" என்றாள் சின்னவள். யோசிக்காமல்தான் சொன்னாள். என் பிள்ளைக்குக் கிடைக்காதது ஊரான் பிள்ளைக்கு மட்டும் எதற்கு என்று வயிறு எரிந்தது. அப்படி நினைத்ததற்காக அவள் வெட்கப்படவில்லை.

காற்புள்ளி சார் குறிப்பை அவளே தட்டச்சு செய்யட்டும் என்று எழுந்துபோனார்.

தட்டச்சு செய்து முடித்தாள். கையெழுத்துப் போட பேனாவைத் திறந்தாள். அப்போது ஆஸ்பத்திரி பெஞ்ச் ஞாபகம் வந்தது. வாண்டுவைக் காட்டப் போன நாட்களில் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். மடியில் இரண்டு வயதுப் பையன். அவன் தலைக்குப் பின்னால் கையைத் தட்டுவாள், திரும்புகிறானா என்று பார்ப்பாள், மறுபடி தட்டுவாள். கூப்பிடும் வரை அதே வேலை. உள்ளங்கை சிவந்திருக்கும்.

கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. இப்போது தள்ளினால் அந்த ஆள் ஒரு படியிலிருந்துதான் விழுவார். நாலு மணிக்கு மேல் உச்சிப்படியில் நிற்பார்.

இரண்டில் எது தன் கையைப் பிடித்தது என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பேனாவை மூடினாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே முக்கால்.

அந்த இரண்டேகால் மணி நேரம் அவளுக்குப் பிரசவ வலியைவிட நீளமாக இருந்தது. இடையில் மேஜையில் இன்னும் ஒரு முறை உட்கார்ந்து எழுதினாள். அத்தான் இன்னொரு முறை பேசினார், குழந்தையை இன்னொரு முறை காட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எழுதினாள், ஒரு எழுத்து விடவில்லை.

*

நாலு மணிக்கு மணி அடித்தது. கதவுகளைச் சாத்தினார்கள். அத்தான் கையைத் தூக்கினார், ஆறு கைகளும் கூடவே எழுந்தன. நாலு ஓட்டு வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறியது.

மேஜை தட்டும் சத்தத்தில் கூரையே அதிர்ந்தது. அத்தானைச் சுற்றிக் கூட்டம். மரக்கடைக்காரர்கூட வந்து கைகொடுத்தார். மாடத்தில் எல்லாரும் கைதட்டுவதைப் பார்த்து வாண்டுவும் தட்டினாள்.

நிலவறைக்கு மேல் இருந்த அறையில் சின்னவள் கையெழுத்துப் போட்டாள். காற்புள்ளி சார் தாளை வாங்கிக்கொண்டு, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு போனார். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

சபாநாயகர் தாளை ஒரு முறை மனதுக்குள் படித்தார். மறுபடி படித்தார். பிறகு மணியைத் தட்டினார்.

"சபைக்கு ஒரு பிழைதிருத்தம் வந்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு முந்தைய அவைக்குறிப்பில் ஓர் உறுப்பினரின் பேச்சைத் தானே மாற்றி எழுதியதாகச் சுருக்கெழுத்தாளர் ஒப்புக்கொள்கிறார். அச்சில் உள்ள வரி இது: 'உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' உண்மையில் பேசியது நோட்டில் இருக்கிறதாம்."

அத்தான் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அணைக்க மறந்த விளக்கு மாதிரி.

"வாசிக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "எழுதினவங்களே வாசிக்கட்டும்."

பதினேழு வருடத்தில் அந்த மண்டபத்தில் சின்னவளின் குரல் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தொண்டையைச் செருமினாள். நோட்டை விரித்தாள். வாசித்தாள்.

"காது கேக்கலைன்னா குழந்தை செத்தா போயிடும்? நாலு பேரோட நாலு பேரா ஊமையா இருந்துட்டுப் போகுது. இதுக்கெல்லாம் அரசாங்கம் அழணும்னா நாளைக்கு மூக்கு சப்பைன்னும் வந்து நிப்பாங்க. பெத்தவங்க பாத்துக்கட்டும்."

குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. சந்தையில் வாங்கவேண்டிய சாமான் பட்டியலை வாசிக்கிற மாதிரி வாசித்தாள். அதனாலேயே ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக விழுந்தது.

அத்தான் எழுந்தார். "இது பொய். இது... இது குடும்பத் தகராறு. இந்தம்மா வேற யாரும் இல்ல, என் மனைவியோட தங்கச்சி. எம்மேல ஏதோ மனஸ்தாபம்."

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "உங்க மனைவியோட தங்கச்சியா? அப்ப காலையில நீங்க காட்டின குழந்தை?"

அவர் மேலே மாடத்தைப் பார்த்தார்.

"என் மகள்" என்றாள் சின்னவள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் பேசுவதற்கு விதியும் இல்லை. ஆனால் சபாநாயகர் தடுக்கவில்லை, எதிரே உட்கார்ந்திருந்தவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மரக்கடைக்காரர் மெல்ல எழுந்து, அத்தானுக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ராஜினாமா எப்போ?" என்றது. இன்னொரு குரல் அதையே கேட்டது. பிறகு ஐம்பது குரல்கள். அத்தான் கோப்புகளை அள்ளிக்கொண்டு வெளியே நடந்தார். வழக்கத்துக்கு விரோதமாக அவருடைய ஆறு பேரும் எழவில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சின்னவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், நாக்கின் அடியில் சர்க்கரை வைத்த மாதிரி இனித்தது. இவ்வளவு நாள் தனக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்ததை நூற்றைம்பது பேர் கேட்டுவிட்டார்கள்.

*

ஐந்தரைக்கு இடைநீக்க உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். பக்கவாசல் காவலர் அடையாள அட்டையை வாங்கிக்கொள்ளும்போது, "மன்னிச்சுக்கங்கம்மா, சட்டம் அப்படி" என்றார்.

"உங்க வேலையை நீங்க பாக்குறீங்க" என்றாள்.

வாசலுக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்துச் சுவரோரம் பெரியவள் நின்றிருந்தாள், வாண்டுவின் கையைப் பிடித்தபடி. சின்னவள் திட்டு வாங்கத் தயாராகத்தான் நடந்தாள். என் குடியைக் கெடுத்தியேடி என்று அக்கா கத்தினால் பதிலுக்கு என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தாள்.

பெரியவள் கத்தவில்லை.

"குறிப்புல என்னைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே" என்றாள். "நான் வந்து கேட்டுத்தான் மாத்தினேன்னு ஒரு வார்த்தை."

"உன்னை இழுக்கணும்னு தோணல."

"இழுத்திருக்கலாம்." அக்கா வாண்டுவின் கையை விட்டாள். "ஏன்டி இழுக்கல? இழுத்திருந்தா நான் பேசாம வீட்டுக்குப் போயிருப்பேன்."

"என்ன சொல்ற?"

வாண்டு இருவருக்கும் நடுவில் நின்று, சுவரில் செங்கல்லை எண்ணுவதுபோல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"லெட்டர் வந்துச்சு."

"எந்த..."

"சிறப்பு அனுமதி. ரெண்டாவது மாசமே வந்துடுச்சு. எங்க வீட்டு விலாசத்துக்கு. அவர் ஒரு கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினா போதும், ஆபரேஷன் ஆயிருக்கும்."

சின்னவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"தேர்தல் முடியட்டும்னார். சபையில அப்படிப் பேசிட்டு, மச்சினி பிள்ளைக்கு மட்டும் சலுகை வாங்கினான்னு எவனாவது எழுதிடுவான்னார். ரெண்டு மாசம் தள்ளிப்போனா ஒண்ணும் ஆகாதுன்னார். பீரோல வைன்னார். வச்சேன்."

"எவ்வளவு நாள்?"

"அஞ்சு மாசம்."

"வாரா வாரம் வந்து கேட்டேனே, அக்கா. லெட்டர் வந்துச்சா, வந்துச்சான்னு."

"கேட்டே."

"இல்லடின்னு சொன்னே. டீ போட்டுக் குடுத்து, அழுவாதேன்னு தலையைத் தடவி, இல்லடின்னு சொன்னே."

பெரியவள் தலை குனிந்தே இருந்தது. "டாக்டர் முடியாதுன்னு சொன்ன அன்னைக்குக் கிழிக்கச் சொன்னார். நான் கிழிக்கல. இன்னும் பீரோலதான் இருக்கு."

இப்போது புரிந்தது, தினம் மூணு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது, தட்டில் இரண்டாம் தடவை சாதம் வைத்தது, சைகை மொழி வகுப்புக்கு அம்மாவுக்கு முன்னாலேயே பெரியம்மா போய்ச் சேர்ந்தது, எல்லாம். பாசம் என்று நினைத்து நன்றி சொன்ன ஒவ்வொரு தடவையும் சின்னவளுக்கு ஞாபகம் வந்தது. சற்று முன் நாக்கடியில் இருந்த இனிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. சபையில் தான் பழிவாங்கியது இருவரில் ஒருவரைத்தான்.

"அம்மா."

இருவரும் திரும்பினார்கள். வாண்டுவின் விரல் செங்கல்லில் இல்லை. எப்போது திரும்பினாள் என்று தெரியாது. குரலைத் தாழ்த்திப் பேசினால் இவளிடம் பிரயோசனமில்லை என்பதைப் பெற்றவளும் மறந்திருந்தாள், வளர்த்தவளும் மறந்திருந்தாள். குழந்தையின் கண் பெரியம்மாவின் உதட்டில் நிலைகுத்தி நின்றது.

"எந்த லெட்டர்?" என்றாள் வாண்டு, தெருவுக்கே கேட்கும் சத்தத்தில்.

பெரியவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னவள் மண்டியிட்டு மகளின் உயரத்துக்குக் குனிந்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் துடைத்துவிட்டாள். பிறகு இரண்டு தோளையும் பிடித்து, மெதுவாக, அக்காவைப் பார்க்க நேராகத் திருப்பி நிறுத்தினாள்.

"பெரியம்மாகிட்ட கேளு. கையை எடுத்துட்டு, உதடு நல்லாத் தெரியற மாதிரி சொல்லுவாங்க."

பெரியவள் கையை எடுத்தாள். தங்கையைப் பார்த்து, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: வேண்டாம்டி.

அதையும் வாண்டு படித்துவிட்டாள்.

"ஏன் வேண்டாம்?"